கண்ணாடிச் செருப்புக் கதையில் நான் செய்த திருத்தம்

அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் நான்கு பேரும் தனியாகக் கதை சொல்லப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். நல்லது. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, கைப்பொம்மையை எப்படிப் பிடிப்பது, முன்வரிசையில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கடிக்கும் குழந்தையை என்ன செய்வது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. பத்து இடத்தில் சொன்னால் அதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் குழந்தைகளே எழுந்து போய் உங்களுக்குத் தெரிவித்துவிடுவார்கள். அவர்கள் நம்மைப் போல முகத்தாட்சண்யம் பார்ப்பதில்லை.

நான் பேச வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இத்தனை நாளாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். இப்போது தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, பேச்சைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் ஓய்வு பெற்றுவிட்டேன். டாக்டர் அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. கெடுவதற்கு இனிப் பெயர் ஒன்றும் இல்லாததால் தைரியமாகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி, மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டுக்கு வந்து சில வருஷங்களில், எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், இருந்த தமிழ்க் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நாம் சொல்வது அவர்களுக்குப் புரியும். பதில் மட்டும் இந்தியில் வரும். கோபம் வந்தால் மராத்தியில் வரும். புதுக் கதை சொன்னால் பாதியில் பிடி விட்டுப் போய்விடும். அதனால் அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கேட்டிருந்த தேவதைக் கதைகளையே தமிழில் சொன்னேன். காட்டுக்குள் போகும் பெண், ஓநாய், கோபுரத்தில் அடைபட்ட இளவரசி, கண்ணாடிச் செருப்பு, நூறு வருஷத் தூக்கம். கதை தெரியும் என்பதால் வார்த்தை தெரியாவிட்டாலும் தொடர்ந்து வந்தார்கள். ஆனால் கதை தெரியும் என்பதாலேயே சீக்கிரம் கொட்டாவியும் விட்டார்கள். அப்போதுதான் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

என் ஓநாய்க்குப் பல்வலி வந்தது. அந்தப் பெண்தான் அதைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நூறு வருஷம் தூங்கிய இளவரசி எந்த ராஜகுமாரனுக்கும் காத்திருக்கவில்லை, அடுப்பில் பால் பொங்கித் தீயும் வாசனைக்கு எழுந்துவிட்டாள். கோபுரத்து இளவரசி தன் ஜடையைத் தானே வெட்டி, அதையே கயிறாகக் கட்டி இறங்கிப் போனாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னை உல்டா ஆன்ட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு சொசைட்டியிலிருந்து இன்னொரு சொசைட்டி, அங்கிருந்து பள்ளிக்கூடங்கள், சாகணில் தொழிற்சாலைக் குடியிருப்புகள், தளேகாவில் பிறந்தநாள் விழாக்கள் என்று லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மனசுக்குள் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

ஒரு தடவை, பல்வலி ஓநாய்க் கதை முடிந்ததும் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று என் புடவையைப் பிடித்து இழுத்து, ஓநாய் நல்லது என்றால் நான் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டது. நான் அதைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, யாருக்குமே பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். போகிற இடத்திலெல்லாம் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தை வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அது உறைத்திருந்தால் பின்னால் தளேகாவில் அப்படி நடந்திருக்காது.

தளேகாவிலிருந்து ரேவதி என்ற பெண் போன் செய்தாள். மகளுக்கு எட்டாவது பிறந்தநாள், சொசைட்டியின் கிளப் ஹவுஸில் வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். எப்படியும் நான் போவதுதான் வழக்கம். கதை சொல்லப் போகிற வீட்டுக்கு ஒரு நடை முன்கூட்டியே போய், குழந்தைக்கு எது பிடிக்கும், எது பயம், எதைப் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வருவேன். இதை நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

ரேவதி பொள்ளாச்சிப் பக்கம். முப்பது வயதிருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கணவன் செந்தில் சாகணில் கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். பிறந்தநாள் கொண்டாடப் போகிற மிருதுளா அவனுடைய முதல் மனைவியின் குழந்தை. முதல் மனைவி உடம்பு சரியில்லாமல் இறந்துபோய் மூன்று வருஷத்துக்குப் பக்கம். நான் போனபோது குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. ரேவதி எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆனால் விஷயத்துக்கு வர அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

மிருதுளா அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. வேண்டியதை அப்பாவிடம் கேட்கும். அப்பா வேலைக்குப் போயிருந்தால் அவர் வரும்வரை காத்திருக்கும். மேஜையில் சாப்பாடு இருந்தால் எடுத்துச் சாப்பிடும், ரேவதி பரிமாறினால் பசியில்லை என்று எழுந்துவிடும். முரண்டு, அடம் ஒன்றும் கிடையாது. அதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றாள் ரேவதி. போன மாதம் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிச் செருப்புக் கதை சொல்லியிருக்கிறார்கள். மிருதுளா எழுந்து நின்று, எங்கள் வீட்டிலும் ஒரு சித்தி இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறது. மற்ற பிள்ளைகள், உன்னைப் பெருக்கச் சொல்வார்களா, சாம்பலில் படுக்க வைப்பார்களா என்று சூழ்ந்துகொண்டு கேட்டிருக்கிறார்கள். டீச்சர் ரேவதியைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் விசாரித்திருக்கிறார். ஆனால் விசாரித்தார் அல்லவா.

"நான் அவளெ ஒரு டம்ளர் எடுத்து வைன்னு கூடச் சொன்னதில்லீங்க," என்றாள் ரேவதி. "அந்தக் கதை வந்து என் வீட்ல உக்காந்துக்குச்சு. நீங்க மாத்திச் சொல்லுவீங்களாமே. அதே கதைய, சித்திய நல்லவளா வச்சுச் சொல்லுங்க. அவ கேக்கட்டும். கூட இருக்கிற புள்ளைகளும் கேக்கட்டும்."

அழவில்லை. ஆனால் குரல் உடைந்து உடைந்து வந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. அதைவிட முக்கியமாக, இதற்கு நான்தான் சரியான ஆள் என்ற பெருமையும் பிடித்துக்கொண்டது. கவலையே படாதே, பிறந்தநாள் முடியும்போது அவள் உன் மடியில் உட்கார்ந்திருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கதை சொல்கிறவர்கள் அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் வெகுகாலம் மராத்தியில் கதை சொல்லிக்கொண்டிருந்த மூத்த பெண்மணி ஒருவர், நான் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு மூன்று விதிகள் சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிய கதை சொல்லாதே. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு எதையும் உறுதியாகச் சொல்லாதே. பிறந்தநாள் வீட்டுக்குள் சாவைக் கொண்டுவராதே. முதல் இரண்டும் இன்றைக்கும் சரிதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

நாலு நாள் உட்கார்ந்து கதையைத் தைத்தேன். என் கதையில் சித்தி நல்லவள், ஆனால் சிரிக்கத் தெரியாதவள். பெண் சாம்பலில் உட்காருவது யாரும் தள்ளியதால் இல்லை, அடுப்பங்கரைதான் வீட்டிலேயே கதகதப்பான இடம் என்பதால். விழாவுக்கான உடையைத் தேவதை கொடுப்பதில்லை. சித்தி தன் பட்டுப் புடவையைக் கிழித்து ரகசியமாகத் தைக்கிறாள். கண்ணாடிச் செருப்பு காலைக் கடிக்க, பெண் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடி வருகிறாள். அரண்மனையிலிருந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், என் பெண்ணின் கால் அளவு தெரியாதவனுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன் என்று சித்தி சொல்லி அனுப்புகிறாள். எனக்கே கைதட்டிக்கொள்ளத் தோன்றியது. ஒரே ஒரு இடம்தான் இடித்தது. பழைய கதை, அந்தப் பெண்ணின் அம்மா இறந்துபோவதில்தான் தொடங்கும். பிறந்தநாள் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? அதுவும் அந்தக் குழந்தையின் முன்னால்? எடுத்துவிட்டேன். ஒரு ஊரில் ஒரு பெண், அவளுக்கு ஒரு அப்பா, ஒரு நாள் வீட்டுக்கு ஒரு சித்தி வந்தாள். தொடக்கம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

விழா சனிக்கிழமை நாலு மணிக்கு. வெளியே நல்ல மழை. கிளப் ஹவுஸில் இருபது இருபத்தைந்து குழந்தைகள், பின்னால் நாற்காலிகளில் அம்மா அப்பாக்கள். கதை முடிந்ததும் கேக் வெட்டுவது என்று ஏற்பாடு. மிருதுளா முன்வரிசையில் பாவாடையைக் கால்களுக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற குழந்தைகள் என் கைகளைப் பார்த்தார்கள். அவள் என் வாயைப் பார்த்தாள். ரேவதி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஆரம்பித்தேன். சாம்பல் கதகதப்பாக இருந்தது என்ற இடத்தில் முதல் சிரிப்பு வந்தது. சித்திக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்லி நான் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்காட்டியதும் கூரை அதிர்ந்தது. ரேவதிகூடச் சிரித்தாள். சித்தி பட்டுப் புடவையைக் கையில் எடுக்கிறாள் என்று நான் குரலைத் தணித்தபோது மிருதுளா கையைத் தூக்கினாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா கிதர்?"

எங்கே என்ற சொல் அந்த நேரத்தில் அவளுக்கு இந்தியில்தான் வந்தது. இந்தக் கதையில் அம்மா வரமாட்டார்கள் கண்ணு, நீ சித்தி என்ன செய்யப் போகிறார்கள் என்று கேள் என்று சமாளித்தேன். அம்மா இல்லாமல் பெண் எப்படி வந்தாள் என்று கேட்டாள். குழந்தைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண், அந்த அம்மா செத்துப் போய்விட்டார்கள், ஸ்கூலில் சொன்னார்களே என்று சத்தமாகச் சொன்னாள். பின்னால் நாற்காலிகளில் பேச்சு சட்டென்று நின்றது. யாரோ ஒருவர் உச்சுக் கொட்டினார்.

இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள், பதில் இரண்டு நொடியில் வந்தாக வேண்டும். அந்த இரண்டு நொடியில் வருவது உங்கள் புத்திசாலித்தனம் இல்லை, பழக்கம். எனக்கு வந்தது இதுதான்.

"இல்லம்மா, அவங்க அம்மா ஊருக்குப் போயிருக்காங்க."

மிருதுளா எழுந்து நின்றாள். "பொய்," என்றாள்.

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, குழந்தையிடம் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள். பல வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரியாமல் சொன்னேன் என்பது எனக்கு ஒரு சாக்குத்தான். அவளுக்கு அதனால் என்ன வித்தியாசம்?

நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிச் சுவரோரம் நின்ற ரேவதியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து, "இந்தக் கதைய அவங்கதான சொல்லச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

ரேவதி லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம், சொல்லாதீர்கள் என்று அவள் கண் கெஞ்சியது. நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உல்டா ஆன்ட்டி எல்லாக் கதையையும் இப்படித்தான் சொல்வேன் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அது முழுப் பொய்யும் ஆகாது. விழா நல்லபடியாக முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குழந்தை ஒரு பொய்யை என் கையிலிருந்து அப்போதுதான் பிடுங்கிக் காட்டியிருந்தாள். இன்னொன்றைக் கொடுத்தால், அதன் பிறகு அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள் என்று எனக்குப் பட்டது. பட்டதே தவிர நிச்சயமாகத் தெரியாது.

"ஆமாம்மா," என்றேன். "அவங்கதான் சொல்லச் சொன்னாங்க."

மிருதுளா குழந்தைகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டாள். ரேவதி முகத்தை மூடிக்கொண்டாள். நான்கு வார்த்தை பேசி ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். யாரோ புத்திசாலி ஒருவர் பாட்டுப் போட்டுக் குழந்தைகளை ஆட விட்டார்.

செந்தில் வெளியே போய் மகளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள், வர மறுக்கிறாள் என்றான். என்னை ஓரமாக அழைத்துப்போய், இத்தனை பேர் முன்னால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். கோபத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டுதான் கேட்டான். அவன் கோபம் நியாயமானது. அவளுடைய அம்மா பேச்சையே நாங்கள் வீட்டில் எடுப்பதில்லைங்க என்றான். ஆரம்பத்தில், பேச்சு எடுத்தால் குழந்தை ஏங்கிவிடும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அப்புறம் ரேவதி வந்தாள், அவள் மனசு நோகக் கூடாது என்று தானே விட்டுவிட்டதாகச் சொன்னான். வித்யா என்ற பெயரைச் சொல்லியே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றான். அந்தப் பெயரை என்னிடம் சொல்லும்போதும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

பின்னால் வந்து நின்ற ரேவதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்காகவா சொல்லாம இருந்தீங்க?" என்றாள். "நானு, நீங்க யாரும் பேசறதில்ல, நான் கேக்கக் கூடாதாக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவர் மனசு நோகக் கூடாது என்று ஒருவர் பார்த்துப் பார்த்து, செத்துப்போனவளை இன்னொரு தடவை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். நான் வெளியிலிருந்து வந்து, நாலு நாள் உட்கார்ந்து தைத்து, அதே வேலையைக் கதையிலும் செய்திருந்தேன். மிருதுளா பள்ளிக்கூடத்தில் அந்தப் பழைய கதையைக் கேட்டு எழுந்து நின்றது சித்தி கெட்டவள் என்பதால் இல்லை. அவளுக்குத் தெரிந்த கதைகளிலேயே, அம்மா செத்துப் போய்விட்டாள் என்று ஒளிக்காமல் முதல் வரியிலேயே சொன்ன கதை அது ஒன்றுதான்.

நாம் மாற்றிச் சொல்வது எடுபடுவதே பழைய கதை குழந்தைக்குத் தெரியும் என்பதால்தான். அப்படியென்றால் நாம் எதை எடுத்துவிட்டோம் என்பதும் அதற்குத் தெரியும். ஓநாயை நல்லதாக்குங்கள், ராஜகுமாரனை முட்டாளாக்குங்கள், சித்திக்குக் கிரீடம் வையுங்கள், எல்லாம் நம் விருப்பம். ஆனால் கதையில் ஒரு துக்கம் இருந்தால், அதைத் தூக்கி எறிவதற்கு முன்னால், இந்தக் குழந்தை எதற்காக இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. சித்திக்காகத்தான் கதை செய்தேன். கேட்கப் போகிறவள் குழந்தை.

வெளியே போனேன். தாழ்வாரத்துக்குக் கீழே இரண்டு படி. மழைச் சாரல் படாத மேல்படியில் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். எனக்கு முழங்கால் வலி உண்டு, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். இருந்தாலும் உட்கார்ந்தேன். ஒட்டி உட்காரவில்லை, நடுவில் ஒரு ஆள் இடம் விட்டேன். சமாதானம் செய்ய வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், அந்த அம்மாவை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். பிறந்தநாள் அன்றைக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன் என்றேன்.

"எனக்குத்தான் தெரியுமே," என்றாள்.

அப்படியென்றால் முதலிலிருந்து சரியாகச் சொல்லுங்கள் என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாதே என்றேன். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு குழந்தை கதை கேட்டு நான் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். தெரியாததைத் தெரிந்ததுபோல் அளப்பதுதான் நம் பிழைப்பு. ஆனால் அந்த இடத்தில் நான் எதை அளந்தாலும் அது இன்னொரு ஊருக்குப் போன கதையாகத்தான் ஆகியிருக்கும்.

ரேவதி வந்தாள். வாசலில் தயங்கி நின்றுவிட்டு, இறங்கி, கீழ்ப்படியில், சாரல் படுகிற இடத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். மிருதுளா அவளைப் பார்க்காமலே, "நீங்க ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீங்க?" என்று கேட்டாள். ஸ்கூலில் எல்லோரும் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிட்டார்கள், நீயும் நினைத்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது என்றாள் ரேவதி. பெரியவர்கள் பயப்படுவார்களா என்று கேட்பது போல மிருதுளா ஒரு பார்வை பார்த்தாள்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். முழங்கால் விடவில்லை. அதனால் அடுத்து நடந்ததை நான் பார்க்கும்படி ஆயிற்று.

ரேவதி மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். அவளுக்குக் கதை சொல்லத் தெரியாது. ஏற்ற இறக்கம் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க பேரு வித்யா."

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செந்தில் கதவருகே வந்து நின்றவன் அங்கேயே சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். மிருதுளா மெதுவாகத் திரும்பி ரேவதியைப் பார்த்தாள். அந்தப் பெயரை வேறொரு வாயிலிருந்து அவள் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையைத் தூக்கவில்லை, அசைந்தால் எதுவாவது கலைந்துவிடும் என்று பயம்.

"அப்புறம்?" என்றாள் மிருதுளா.

"அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. அப்புறம் அவங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போயி, இறந்துட்டாங்க," என்றாள் ரேவதி. "அதுக்கு மேல எனக்கு அவங்களப் பத்தித் தெரியாது சாமி. நானும் யாரையும் கேக்கல. நீ சொல்றியா?"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிருதுளா பாவாடை ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு, அம்மா சாம்பாரில் வெல்லம் போடுவார்கள் என்றாள். அப்பா திட்டினாலும் போடுவார்கள். ஸ்கூட்டி ஓட்டும்போது பாட்டுப் பாடுவார்கள், எல்லாப் பாட்டும் தப்புத் தப்பாக வரும். ஒரு தடவை தன்னைப் பள்ளிக்கூடத்தில் விட மறந்துபோய் நேராகக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள். இதைச் சொல்லும்போது தமிழ் போதாமல் பாதி இந்தி, பாதி மராத்தி என்று வந்தது. ரேவதிக்கு மராத்தி சரியாக வராது. புரியாத இடங்களிலும் அவள் குறுக்கே கேட்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்துவிட்டது.

சட்டென்று மிருதுளா நிறுத்தினாள். ஏதோ மறந்துவிட்டது போல முகம் மாறியது.

"கதைல சித்தி எப்ப வருவாங்க?"

அந்த வார்த்தையை அவள் ரேவதியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று செந்தில் பின்னால் எனக்குச் சொன்னான். ரேவதிக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா?

"அவளுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றாள். "நீ அம்மாவச் சொல்லி முடி. எத்தன நேரமானாலும் சரி. அப்புறமா வரட்டும்."

மிருதுளா நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நான் விட்டு வைத்திருந்த இடத்தில், சாரல் படாத மேல்படியில், இப்போது ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். ரேவதி எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தாள். மார்க்கெட்டில் அம்மா என்ன வாங்கினார்கள் என்று மிருதுளா விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

செந்தில் கை கொடுக்க, நான் ஒருவழியாக எழுந்து உள்ளே போனேன். குழந்தைகள் ஆடி முடித்து மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கேக் வெட்ட இன்னும் நேரமாகும், எல்லோரும் உட்காருங்கள் என்று சொன்னேன்.